ஆறடி வாத்தியத்துக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர் எது?

ஆள் உயரம் ஆறடி. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல!

ஜாஸ் இசைக் குழுக்களில் நிற்கும் "டபிள் பேஸ்" என்ற வாத்தியத்தின் கதை இது. பார்க்க யானை மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்தில் டிரம் முழங்கினால் இதன் குரல் அமுங்கிப் போகும்.

இதன் குரலைப் பெரிதாக்க ஆம்ப்ளிபயர் வேண்டும். எந்த ஆம்ப்ளிபயர்? எப்படித் தேர்ந்தெடுப்பது? இதற்கு விடை தேடி ஜாஸ் வித்வான்கள் பல தலைமுறையாகப் பாடுபட்டு வருகிறார்கள். "அதில் என்ன கஷ்டம்? கடைக்குப் போய்ப் பெரியதாக ஒன்று வாங்கினால் போயிற்று!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

வயலினின் பெரியண்ணன்

வயலினை நம் கச்சேரி மேடைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்திலே மிகப் பெரியது டபிள் பேஸ். இதை மடியில் வைத்து வாசிக்க முடியாது. தரையில் ஊன்றி, பக்கத்தில் நின்று, தோளோடு அணைத்துப் பிடித்து வாசிக்க வேண்டும். தந்திகள் நான்கு. மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்தில் பெரும்பாலும் வில்லால் இழைப்பார்கள். ஜாஸ் இசையில் பெரும்பாலும் விரலால் சுண்டுவார்கள்.

ஜாஸ் என்பது அமெரிக்காவில் பிறந்த இசை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது. டிரம்பெட் பாடும். சாக்ஸபோன் கொஞ்சும். பியானோ துள்ளும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் "டும்... டும்... டும்... டும்..." என்று பேஸ் நடந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ, அப்படி ஜாஸ் இசைக்கு பேஸ். அஸ்திவாரம் கண்ணில் படாது. ஆனால் அது ஆட்டம் கண்டால் வீடே ஆடிவிடும். பேஸ் காதில் விழாவிட்டால் மற்ற வாத்தியக்காரர்களும் தடுமாறுவார்கள்.

குரல் ஏன் எழுவதில்லை?

இதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், வாத்தியத்தின் அளவு. ஆறடி உயரமா சிறியது என்று கேட்கலாம். அது எழுப்பும் நாதத்துக்கு அது சிறியதுதான்! இதன் கனத்த தந்தி ஒரு விநாடியில் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் காற்றில் 8 மீட்டருக்கு மேல். அதாவது 27 அடி! ஆறடிப் பெட்டி 27 அடி அலையைத் தள்ள வேண்டும். கை விசிறியால் கல்யாண மண்டபம் முழுவதற்கும் காற்று வீச முடியுமா? அது போலத்தான் இதுவும்.

இரண்டாவது காரணம், நம்முடைய காது. மனிதக் காதுக்குக் கனமான, தாழ்ந்த ஒலிகள் லேசில் எட்டுவதில்லை. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ம் ஆண்டில் இதை அளந்து காட்டினார்கள். புல்லாங்குழலும் பேஸும் சமமாகக் கேட்க வேண்டுமானால், பேஸுக்கு அதிக பலம் கொடுத்தாக வேண்டும்.

விரல் பலமே பலம்

மின்சார சாதனம் வருமுன் என்ன செய்தார்கள்? விரலை நம்பினார்கள்!

பாப்ஸ் பாஸ்டர் என்று ஒரு வித்வான். 1892-ல் லூசியானா மாகாணத்தில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸில் வாசித்தார். மிஸிஸிப்பி ஆற்றுப் படகுகளில் வாசித்தார். பின்னாளில் புகழ்பெற்ற லூயி ஆர்ம்ஸ்டிராங்கோடும் வாசித்தார். தந்தியைப் பிடித்து இழுத்து விடுவார். அது பலகையில் "படார்" என்று அறையும். அந்த அறைச்சலே தாளம்! அக்காலத்துத் தந்திகள் ஆட்டுக் குடலிலிருந்து செய்யப்பட்டவை. நாள் முழுதும் இப்படி இழுத்தால் விரல் கொப்பளிக்காமல் என்ன செய்யும்?

பேஸின் இடத்துக்குப் போட்டியும் இருந்தது. டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலைப் பல குழுக்கள் வைத்துக்கொண்டன. அதன் சத்தம் பெரிது. 1925-ல் மின்சார மைக் மூலம் இசைத்தட்டு பதிவு செய்யும் முறை வந்தது. அதன் பிறகு பேஸின் மெல்லிய நாதமும் தட்டில் ஏறியது.

1939-ல் ஒரு வாலிபர் வந்தார். பெயர் ஜிம்மி பிளான்டன். டியூக் எலிங்டனின் பெரிய குழுவில் சேர்ந்தார். அதுவரை பின்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பேஸை, டிரம்பெட் போலப் பாட வைத்தார்! எலிங்டன் அவரை மேடையின் முன்னுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் விதி கொடியது. காச நோய் தாக்கி, 1942-ல், 23 வயதில் பிளான்டன் காலமானார்.

அவர் திறந்துவிட்ட கதவு மட்டும் மூடவில்லை. "பேஸும் பாடலாம்" என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாடுவது என்றால் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே!

ஊன்றுகோலில் ஒரு மைக்

இந்தக் கவலை எவரெட் ஹல் என்பவரையும் பிடித்தது. அவரும் ஒரு பேஸ் வாத்தியக்காரர். பியானோவும் வாசிப்பார்.

பேஸ் தரையில் நிற்க அடியில் ஒரு ஊன்றுகோல் உண்டு. அந்த ஊன்றுகோல் வழியாகவே ஒரு சிறு மைக்கை வாத்தியத்தின் வயிற்றுக்குள் நிறுத்தினால் என்ன? இதுதான் அவர் யோசனை. 1946-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் உரிமை கிடைத்தது.

ஊன்றுகோலுக்கு ஆங்கிலத்தில் "பெக்". ஒலி பெருக்கப்பட்ட பெக் என்பதைச் சுருக்கி "ஆம்பெக்" என்று பெயர் வைத்தார். அதே பெயரில் கம்பெனியும் வளர்ந்தது. 1960-ல் அந்தக் கம்பெனி "பி-15" என்ற ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. 25 வாட் சக்தி. 15 அங்குல ஸ்பீக்கர். வேலை முடிந்ததும் மேல்பகுதியைத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம்.

ஹலுக்குக் காதைக் கிழிக்கும் சத்தம் பிடிக்காது. "வாத்தியத்தின் குரல் தெளிவாகப் பெரிதாக வேண்டும், கரகரக்கக் கூடாது" என்பதுதான் அவர் கொள்கை.

வந்தது வினை!

இதற்கிடையில் 1951-ல் லியோ பெண்டர் என்பவர் மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம். காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போகலாம். திருகைத் திருப்பினால் வேண்டிய அளவு சத்தம்! ஆறடி மரப்பெட்டியைச் சுமந்து திரிந்தவர்களில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

மரப் பேஸ் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சத்தம் போட வேண்டியதாயிற்று. குடல் தந்திக்குப் பதில் எஃகுத் தந்தி வந்தது. வாத்தியத்தின் உடம்பிலேயே ஒட்டும் "பிக்கப்" வந்தது. சத்தம் கூடியது. ஆனால் மரத்தின் நாதம் குறைந்தது. 1970-களின் இசைத்தட்டுகள் பலவற்றில் பேஸின் குரல் ரப்பரை இழுத்து விட்டாற்போல் இருக்கும்.

ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் டெல்பியோ மார்சாலிஸ் என்ற தயாரிப்பாளர், தம் இசைத்தட்டு உறைகளிலேயே ஒரு குறிப்பு அச்சிட்டார். மரத்தின் நாதம் அதிகம் வேண்டும் என்பதற்காகப் பேஸை நேரடி மின் கம்பியில் பதிவு செய்யவில்லை என்பதே அதன் சாரம்.

ஆக, பிரச்சினை இதுதான்: சத்தமும் வேண்டும், மரமும் மாறக் கூடாது. இனி, தேர்ந்தெடுக்கும் வழியைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எங்கே வாசிக்கிறீர்கள்?

ஆம்ப்ளிபயரைப் பார்க்குமுன் அறையைப் பாருங்கள்.

நியூயார்க்கில் "வில்லேஜ் வான்கார்டு" என்ற ஜாஸ் கூடம் இருக்கிறது. 1935-ல் தொடங்கியது. தரைக்குக் கீழே உள்ள சிறிய அறை. இருக்கைகள் 123 மட்டுமே. 1961-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பில் எவான்ஸ் என்ற பியானோ வித்வானோடு ஸ்காட் லபாரோ என்ற பேஸ் வித்வான் இங்கே வாசித்தார். அது பதிவாகி இரண்டு இசைத்தட்டுகளாக வந்தது. அதற்குப் 11 நாள் கழித்து, கார் விபத்தில் லபாரோ இறந்தார். வயது 25. அந்தத் தட்டுகளை இன்றும் பேஸ் மாணவர்கள் பாடப் புத்தகம் போலக் கேட்கிறார்கள்.

இப்படிப்பட்ட சிறு அறையில், பியானோவும் மெல்லிய டிரம்மும் மட்டும் என்றால், ஆம்ப்ளிபயரே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டாலும் சொற்பமே போதும்.

ஓட்டல் கூடம் வேறு. சாப்பிடுகிறவர்கள் பேசுவார்கள், தட்டுகள் மோதும். அங்கே நடுத்தர ஆம்ப்ளிபயர் வேண்டும்.

திறந்தவெளி விழா இன்னும் வேறு. 1954-ல் தொடங்கிய நியூபோர்ட் ஜாஸ் விழா போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அங்கே ஜனங்களுக்குக் கேட்கச் செய்வது விழாக்காரர்களின் பெரிய ஸ்பீக்கர்கள். மேடையில் உங்கள் பக்கத்தில் இருக்கும் ஆம்ப்ளிபயர், உங்களுக்கும் உங்கள் கூட்டாளிகளுக்கும் கேட்டால் போதும். மைதானத்துக்காக மலை போன்ற பெட்டி வாங்குவது வீண் செலவு.

மூன்று வகைக் காதுகள்

வாத்தியத்தின் ஒலியை முதலில் யார் கேட்டு ஆம்ப்ளிபயருக்குச் சொல்வது? இதற்கு மூன்று சாதனங்கள் உண்டு.

ஒன்று, மைக். காற்றில் வரும் ஒலியைப் பிடிக்கும். நம் காது கேட்பதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். மரத்தின் நாதம் அப்படியே வரும். குறை என்னவென்றால், பக்கத்து டிரம்மையும் சேர்த்துப் பிடிக்கும். சத்தம் கூட்டினால் ஊளையிடும்.

இரண்டு, "பீசோ" பிக்கப். சமையலறையில் காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் "டிக்" என்று பொறி பறக்கிறதல்லவா? சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். 1880-ல் பிரான்ஸ் நாட்டு ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்த உண்மை இது. தந்திகளைத் தாங்கும் மரப் பாலத்தில் இந்தப் பிக்கப்பைச் செருகுகிறார்கள். தந்தியின் அதிர்வு அழுத்தமாகி, அழுத்தம் மின்சாரமாகிறது. 1981-ல் அமெரிக்காவில் லாரி பிஷ்மன் என்பவர் இப்படிப்பட்ட பிக்கப் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவரும் ஒரு பேஸ் வாத்தியக்காரரே! டிரம் சத்தம் இதில் அதிகம் நுழையாது. ஆனால் குரலில் கொஞ்சம் மூக்கொலி கலக்கும்.

மூன்று, காந்தப் பிக்கப். எஃகுத் தந்தி அசைவதை நேரே பிடிக்கும். மிகப் பலமான சத்தத்துக்கும் ஊளையிடாது. ஆனால் குரல் மின்சார பேஸ் பக்கம் சாயும். வெறும் குடல் தந்திக்கு இது உதவாது. காந்தத்துக்கு இரும்பு வேண்டுமே!

பெரும்பாலோருக்கு ஏற்றது பீசோ. வசதியுள்ளவர்கள் பீசோவையும் மைக்கையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். பீசோ பலம் தரும். மைக் மரத்தின் வாசனை தரும்.

நடுவே ஒரு துபாஷி

பலர் கவனிக்காத இடம் இது. நல்ல பிக்கப் வாங்குவார்கள். நல்ல ஆம்ப்ளிபயரும் வாங்குவார்கள். இரண்டையும் இணைத்தால் தகர டப்பா தட்டினாற்போல் சத்தம் வரும். ஏன்?

பீசோ கொடுக்கும் மின்சாரம் மிகவும் நலிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் வாசல் அதிக மின்தடை உள்ளதாக இருக்க வேண்டும். குறைந்தது 1 மெகாஓம், அதாவது பத்து லட்சம் ஓம். அதற்கு மேலும் கேட்கும் பிக்கப்புகள் உண்டு. தடை குறைந்த வாசலில் நுழைந்தால், முதலில் செத்துப்போவது கனமான, தாழ்ந்த ஒலிதான். பேஸில் பேஸே போய்விட்டால் மீதி என்ன?

இதற்கு மருந்து "பிரிஆம்ப்" என்ற சிறு பெட்டி. பிக்கப் பேசும் மொழியை ஆம்ப்ளிபயருக்குப் புரியும்படி சொல்லும் துபாஷி அது. சில ஆம்ப்ளிபயர்களில் இது உள்ளேயே இருக்கும். வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை வாட்?

"நூறு வாட்டை விட இருநூறு வாட் இரண்டு மடங்கு சத்தம் போடும்" என்று நினைப்பது இயல்பு. அது சரியல்ல. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும்!

பிறகு எதற்கு அதிக வாட்? மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு. தந்தியைச் சுண்டும் அந்தக் கணத்தில் திடீரென்று நிறைய சக்தி தேவைப்படும். ஆம்ப்ளிபயரில் இருப்பு இல்லாவிட்டால் ஒலி உடைந்து கரகரக்கும். நாலைந்து பேர் வாசிக்கும் ஓட்டல் கச்சேரிக்கு வழக்கமாக 100 முதல் 300 வாட் வரை போதும்.

ஸ்பீக்கர் 10 அங்குலமா, 12-ஆ, 15-ஆ? பெரியது கனமான ஒலியைச் சுலபமாகத் தள்ளும். சிறியது விரலின் சுண்டலைத் தெளிவாகக் காட்டும். ஆனால் பெட்டியின் அமைப்பு இதை எல்லாம் மாற்றிவிடும். அங்குலத்தைப் பார்த்து வாங்காதீர்கள். காதால் கேட்டு வாங்குங்கள். எடையையும் தூக்கிப் பாருங்கள். ஒரு கையில் ஆறடி வாத்தியம், மறு கையில் ஆம்ப்ளிபயர். மாடிப்படி ஏறவேண்டியவர் நீங்கள்தானே!

ஊளையை அடக்குவது எப்படி?

கல்யாண வீட்டு மைக் "ஊய்ங்ங்" என்று கத்திக் காதைப் பொத்த வைப்பதை அறிவீர்கள். ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து சுற்றிச் சுற்றி வருவதால் வரும் தொல்லை அது.

பேஸுக்கு இந்தத் தொல்லை அதிகம். அதன் வயிறே ஒரு பெரிய பறை. ஸ்பீக்கரின் ஒலி மோதியதும் அதிரும். அதைப் பிக்கப் மீண்டும் பிடிக்கும். விநாடிக்கு 100 முறை அதிர்வை ஒட்டி அந்த மரப்பெட்டி தானாகவே முழங்க விரும்பும். பேஸின் மெல்லிய தந்தி அதிர்வது 98 முறை! ஆகவே அந்தத் தந்தியில்தான் பெரும்பாலும் ஊளை கிளம்பும்.

வழிகள் இவை. ஆம்ப்ளிபயரை வாத்தியத்தின் முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். பக்கவாட்டில் வையுங்கள். மூலையில் தள்ளாதீர்கள். இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து கனத்த ஒலியை ஊதிப் பெரிதாக்கும். மேடைப் பலகை முழங்கினால், பெட்டியை ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள். அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஒரு சிறு விசை சில ஆம்ப்ளிபயர்களில் உண்டு. அதைத் தட்டினாலே பல சமயம் ஊளை நின்றுவிடும். ஊளையிடும் ஒரு சுரத்தை மட்டும் கத்தரித்து எடுக்கும் திருகும் உண்டு. இந்த இரண்டும் உள்ள ஆம்ப்ளிபயர் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குமுன் செய்யவேண்டியது

கடையில் இருக்கும் வாத்தியத்தில் சோதிக்காதீர்கள். உங்கள் வாத்தியத்தையே கொண்டுபோங்கள். விரலாலும் வாசியுங்கள், வில்லாலும் வாசியுங்கள். பீசோவின் குற்றம் எல்லாம் வில்லில் வெளிப்பட்டுவிடும்.

ஆம்ப்ளிபயரை ஒட்டி நின்று முடிவு செய்யாதீர்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லி, அறையின் கடைசியில் போய் நின்று கேளுங்கள். காசு கொடுத்து வருகிற ரசிகர் உட்காருவது அங்கேதான்.

கடைசியாக, ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு ஒரு முறை வாசியுங்கள். பிறகு அதைப் போட்டு மெதுவாகக் கூட்டுங்கள். வாத்தியம் பெரிதானது போல் தோன்றினால் அது நல்ல ஆம்ப்ளிபயர். வாத்தியம் மாறிவிட்டது போல் தோன்றினால் அது வேண்டாம்.

காதும் செல்வம்

இன்னொரு விஷயம். பேஸ் சத்தம் கூட்டினால் பியானோ கூட்டும். பியானோ கூட்டினால் டிரம் ஓங்கும். பிறகு மறுபடி பேஸ் கூட்டும். இதற்கு முடிவே இல்லை.

அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிலையம் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்! டிரம் பக்கத்தில் இரவெல்லாம் நிற்கிறவருக்கு இது விளையாட்டல்ல. போன காது திரும்பி வராது.

ஆகவே முதல் ஆம்ப்ளிபயர் விரல்தான். இரண்டாவது, நல்ல தந்தியும் சீரான மரப் பாலமும். மூன்றாவது, அடக்கி வாசிக்கத் தெரிந்த கூட்டாளிகள். இந்த மூன்றும் சேர்ந்தும் எட்டாத தூரத்துக்கு மட்டுமே மின்சாரத்தைக் கூப்பிட வேண்டும்.

கச்சேரி முடிந்து போகும் ரசிகர், "என்ன அருமையான ஆம்ப்ளிபயர்!" என்று சொன்னால் அது தோல்வி. "என்ன அருமையான பேஸ்!" என்று சொன்னால், ஆம்ப்ளிபயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.